கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நின்றது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கி முடிப்பதற்குள் சித்தப்பாவிடமிருந்து போன்.

“தம்பி, சிஸ்டம் ஆன் பண்ணினா அப்படியே நிக்குதுப்பா. ஃபார்மட் போட்டுடலாமா?”

“எந்த இடத்துல நிக்குது சித்தப்பா?”

“எந்த இடத்துலயா? எப்பவும் இருக்கிற இடத்துலதான். டேபிள் மேல.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆவதை நாம் ஒரே சம்பவமாகத்தான் பார்க்கிறோம். பொத்தானை அமுக்கினோம், டெஸ்க்டாப் வந்தது. வராவிட்டால் ‘ஹேங் ஆகிவிட்டது’. ஆனால் உள்ளே நாலைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் தன் வேலையை முடித்துவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். யார் கையில் இருக்கும்போது வேலை நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பழுது பிடிபட்ட மாதிரிதான். பெரும்பாலும் திரையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நாம்தான் அதைப் பார்க்காமல் பவர் பட்டனைத் தேடுகிறோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு வரும் எல்லா வியாதிக்கும் ஃபார்மட்தான் மருந்து. அது விண்டோஸ் கெட்டுப்போனால் கொடுக்கவேண்டிய மருந்து. விண்டோஸ் இன்னும் கண்ணே விழிக்காத கட்டத்தில் நின்றுபோன மெஷினுக்கு விண்டோஸை அழித்து மறுபடி போடுவதும், வாசல் கதவு திறக்கவில்லை என்று அடுப்படியை இடித்துக் கட்டுவதும் ஒன்றுதான்.

பொத்தானை அமுக்கியதும் என்ன நடக்கிறது?

கேபினெட்டுக்குள் பின்பக்கமாக, ஃபேனோடு ஓர் இரும்புப் பெட்டி இருக்குமே, அதுதான் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட் டி.சி. கரன்ட்டாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. வோல்ட்டேஜ் நிலைப்பட்டதும் மதர்போர்டுக்கு ‘பவர் குட்’ என்றொரு சிக்னலை அனுப்பும். இதற்கு 100 முதல் 500 மில்லி விநாடி வரை ஆகலாம் என்பது எஸ்.எம்.பி.எஸ். தயாரிப்புக்கான ஏ.டி.எக்ஸ். என்ற தர விதி. அந்தச் சிக்னல் வரும்வரை பிராசசர் அசையாது. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் வேறொன்றும் நடக்கவில்லை என்ற புகார்களில் சில இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

சிக்னல் வந்ததும் பிராசசர் விழிக்கிறது. அப்போது அதற்கு எதுவும் தெரியாது. ராம் என்ற தற்காலிக நினைவகம் எவ்வளவு, டிஸ்க் எங்கே, மானிட்டர் இருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு முகவரி மட்டும் பிறவியிலேயே அதற்குள் பதிந்திருக்கிறது. 4 ஜி.பி. எல்லைக்குச் சரியாக 16 பைட்டு முன்னால் இருக்கும் இடம். நேராக அங்கே போய்த் தன் முதல் கட்டளையை எடுத்துக்கொள்கிறது. அங்கே இருப்பது மதர்போர்டிலுள்ள ஒரு சின்ன சிப்பில் எழுதிவைத்த புரோகிராம். பழைய பெயர் பயாஸ், புதிய மெஷின்களில் யு.இ.எஃப்.ஐ. மெக்கானிக்குகள் வாயில் இன்னமும் பயாஸ்தான், நாமும் அப்படியே சொல்வோம்.

பயாஸ் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது. ராமைத் தட்டி எழுப்புகிறது, கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டு, டிஸ்க்குகள் எல்லாவற்றையும் எண்ணுகிறது. இந்தச் சோதனைக்கு போஸ்ட் என்று பெயர். மதர்போர்டு கம்பெனியின் லோகோ தெரிவது இந்த நேரத்தில்தான். அப்புறம் எந்த டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிறது என்று தேடி, அதிலிருக்கும் பூட் லோடர் என்ற சின்ன புரோகிராமிடம் பொறுப்பைக் கொடுக்கிறது. பூட் லோடர் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலை ராமுக்குள் ஏற்றுகிறது. கெர்னல், ஒவ்வொரு கருவியையும் இயக்க உதவும் டிரைவர் என்ற புரோகிராம்களை ஏற்றுகிறது. பிறகு பாஸ்வேர்டு கேட்கும் திரை, அதன்பின் டெஸ்க்டாப். டெஸ்க்டாப் வந்த பிறகும் பத்துப் பதினைந்து புரோகிராம்கள் ‘நானும் வருகிறேன்’ என்று ஏறிக்கொண்டிருக்கும்.

இதில் பலருக்கும் குழப்பம் தரும் ஓர் இடம் உண்டு. யு.இ.எஃப்.ஐ. மெஷின்களில் விண்டோஸ் 8 முதல், விண்டோஸ் ஏற ஆரம்பித்த பிறகும் கம்பெனி லோகோ அப்படியே திரையில் நிற்கும். அதனால் லோகோவை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியாது. லோகோவுக்குக் கீழே புள்ளிகளோ வட்டமோ சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது, இப்போது விண்டோஸ் முறை. சுற்றல் இல்லாமல் வெறும் லோகோ மட்டும் நின்றால் பயாஸ் இன்னும் விடவில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நின்றதா, மெதுவா?

பவர் பட்டனை 4 விநாடி அமுக்கிப் பிடித்தால் மெஷின் அணைந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான், ஆனால் அவசரப்பட்டுச் செய்யக்கூடாதது. விண்டோஸ் அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரே சதவீதத்தில் அரை மணி நேரம் நிற்பது சகஜம். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள மெஷினில் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் அணைத்தால் இல்லாத வியாதியை நாமே வரவழைத்துக்கொள்கிறோம்.

டி.டி.ஆர்.5 ராம் போட்ட புது மெஷின்கள் வேறொரு விதத்தில் பயமுறுத்தும். ராமை மாற்றியதும், அல்லது பயாஸ் செட்டிங்கெல்லாம் அழிந்ததும், முதல் முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே பல நிமிடம் இருக்கலாம். எந்த வேகத்தில், எந்த நேரக்கணக்கில் பேசினால் ராம் பிழையில்லாமல் பதில் சொல்கிறது என்று பயாஸ் ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக்கொண்டிருக்கும். அது தெரியாமல் ராமைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, ஒவ்வொரு முறையும் அந்தப் பரிசோதனையை முதலிலிருந்து தொடங்க வைப்பவர்கள் உண்டு. ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

உண்மையாகவே உறைந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி, கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) என்று எழுதியிருக்கும் கீயைத் தட்டுவது. விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே யாரோ விழித்திருக்கிறார்கள். கம்பெனி லோகோ நிற்கும்போதும் டெஸ்க்டாப் வந்த பிறகும் இதைப் பெரும்பாலும் நம்பலாம். விண்டோஸ் வட்டம் சுற்றும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் நம்பாதீர்கள், கீபோர்டுக்கான டிரைவரே அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். கேபினெட்டின் முன்னால் டிஸ்க் வேலை செய்யும்போது சிமிட்டும் ஒரு சின்ன விளக்கு இருந்தால் அதையும் பாருங்கள். சிமிட்டுகிறது என்றால் பொறுங்கள்.

திரையே வரவில்லை

கேட்கச் சங்கடமாக இருந்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, மானிட்டருக்கு கரன்ட் இருக்கிறதா என்பது. இரண்டாவது கேள்வி, மானிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷினில் வயரை மதர்போர்டின் சாக்கெட்டில் செருகிவிட்டு ‘டிஸ்ப்ளே போச்சு’ என்று கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்களை எந்த சர்வீஸ்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

அதெல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் ராம் மேல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய வேலை இது. ராம் என்பது சுமார் 13 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பச்சை அல்லது கறுப்புப் பலகை. கீழ் விளிம்பில் தங்கப் பூச்சுள்ள பற்கள் வரிசையாக இருக்கும். டி.டி.ஆர்.4 ராமில் இரு பக்கமும் சேர்த்து 288 பற்கள். அவற்றில் ஒன்றிரண்டு ஸ்லாட்டின் உள்ளே இருக்கும் கம்பியைச் சரியாகத் தொடாவிட்டாலும் மெஷின் எழுந்திருக்காது. அல்லது எழுந்து பாதியில் உறையும். தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து அந்தப் பற்களில் ஒரு படலம் மாதிரி படிந்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட் வடியட்டும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொடுங்கள், உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஸ்லாட்டின் ஓரக் கொக்கியைத் தள்ளினால் ராம் தானாக மேலே எழும்பும். பற்களில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரால் பற்களை மெதுவாக, ஒரே திசையில் நாலைந்து முறை தேயுங்கள். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சு மிக மெல்லியது, கூடவே வந்துவிடும். ரப்பர் துகளை ஊதாதீர்கள், எச்சில் படும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டையும் அதே பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. திரும்பச் செருகும்போது இரு பக்கமும் ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ராம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

ரப்பர் வைத்தியம் என்று இதைச் சிலர் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்து பாருங்கள், பிறகு மற்றொன்றை மட்டும். அதன்பின் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். எது இருக்கும்போது நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

பழைய மதர்போர்டுகளில் சின்ன ஸ்பீக்கர் இருக்கும், கோளாறை ‘பீப்’ சத்தத்தால் சொல்லும். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் போர்டின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். இப்போது வரும் பல போர்டுகளில் சத்தத்துக்குப் பதிலாக நாலு குட்டி விளக்குகள்: பிராசசர், ராம், டிஸ்ப்ளே, பூட். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். முன்பே இது எல்லா போர்டிலும் இருந்திருந்தால் எத்தனையோ பேருக்கு ஒரு மதர்போர்டு காசு மிச்சமாகியிருக்கும்.

லோகோவோடு நின்றது

சித்தப்பாவின் கதை இதுதான். மறுபடி ஆன் செய்து வீடியோ காலில் காட்டச் சொன்னேன். கம்பெனி லோகோ வந்தது. கீழே சின்ன எழுத்தில் எஃப்2, எஃப்12 என்றெல்லாம் வந்தது. சுற்றும் வட்டம் வரவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே.

“சித்தப்பா, கீபோர்டு, மௌஸ், மானிட்டர் மூணைத் தவிர பின்னாடி செருகியிருக்கிறது எல்லாத்தையும் பிடுங்குங்க.”

“பிரின்டர்கூடவா?”

“எல்லாத்தையும்.”

பிரின்டர், வெப்கேம், ஒரு கார்டு ரீடர், கடைசியாக கேபினெட்டின் பின்னால் எப்போதோ செருகி மறந்துபோன ஒரு பென் டிரைவ். பிடுங்கி ஆன் செய்ததும் வட்டம் சுற்றியது. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகியதில் பென் டிரைவ் மாட்டிக்கொண்டது. அது பாதி செத்துப்போயிருந்தது. ‘நீ யார், உன்னிடம் பூட் செய்ய ஏதாவது இருக்கிறதா’ என்று பயாஸ் கேட்கும், அதிலிருந்து பதில் வராது, பயாஸும் விடாமல் காத்திருக்கும். ஃபார்மட் போட்டிருந்தால் ஒரு நாள் வேலையும் அவருடைய பத்து வருடக் கணக்குவழக்கும் போயிருக்கும், மெஷின் அப்போதும் அங்கேயேதான் நின்றிருக்கும்.

லோகோவில் நிற்பதற்கு டிஸ்க்கும் காரணமாகலாம். கரன்ட்டைத் துண்டித்துவிட்டு ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா வயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று உடனே சொன்னாலோ, டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போக முடிந்தாலோ, போர்டும் ராமும் ஓரளவு நல்லபடியாக இருக்கின்றன. பிரச்சினை டிஸ்க்கில் அல்லது அதன் வயரில். வயர் மலிவானது, முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் அந்த வட்டமான செல். சி.ஆர்.2032, 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம். மெஷினுக்கு கரன்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். பல போர்டுகளில் பயாஸ் செட்டிங்கும் இதை நம்பித்தான் இருக்கிறது. செல் தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அதோடு முடிந்தால் தேவலை. டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்ற செட்டிங்கும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு. ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் நிறுவிய விண்டோஸ், பயாஸ் வேறொரு முறைக்கு மாறிவிட்டால் தன் டிஸ்க்கையே தொட முடியாமல் விழுந்துவிடும். கரன்ட் போய் வந்த பிறகு மட்டும் மெஷின் இப்படி அடம்பிடித்தால், தேதியைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் செல்லை மாற்றிவிட்டு அந்த செட்டிங்கைச் சரிசெய்யுங்கள்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இப்போது விண்டோஸின் முறை. இங்கே இரண்டு பெரிய காரணங்கள்: டிஸ்க், டிரைவர்.

ஹார்டு டிஸ்க்கை முதலில் பார்ப்போம். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஓர் இடத்தில் எழுதியதைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உடனே ‘முடியவில்லை’ என்று சொல்லிவிடாது. அந்த இடம் திரும்ப வரும்வரை ஒரு சுற்று, சுமார் 8 மில்லி விநாடி, காத்திருந்து மறுபடி முயலும். மறுபடி. மறுபடி. தட்டைப் படிக்கும் தலையை இம்மியளவு நகர்த்தி மறுபடி. இப்படி ஒரே செக்டருக்காக, அதாவது தட்டிலுள்ள ஒரு குட்டிப் பகுதிக்காக, பல விநாடிகள், சில சமயம் நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும். அந்த செக்டரில் இருப்பது பாட்டு ஃபைல் என்றால் நமக்குத் தெரியாமலே போகலாம். விண்டோஸ் எழும்போது தேவைப்படும் ஃபைல் என்றால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காதை கேபினெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒரே சீரான இடைவெளியில் ‘டிக்… டிக்… டிக்’ என்று கேட்டால், அல்லது வேகமெடுத்து, நின்று, மறுபடி வேகமெடுக்கும் சத்தம் வந்தால், அந்த டிஸ்க் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. அணைத்துவிடுங்கள். உள்ளே முக்கியமான படங்களோ கணக்கோ இருந்து, வேறு நகல் இல்லை என்றால் மறுபடி ஆன்கூட செய்யாமல் டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் மிச்சமிருப்பதும் சேதமாகலாம்.

சத்தம் இல்லாவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டி, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் பாருங்கள். ஸ்மார்ட் என்று டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் 05 என்ற வரி, கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றிய செக்டர்களின் எண்ணிக்கை. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. சி5 பூச்சியமாக இல்லாமல், நாளுக்கு நாள் கூடவும் செய்தால் புது டிஸ்க் வாங்க வேண்டியதுதான். சி7 வரி கூடினால் பெரும்பாலும் வயர்தான் தப்பு செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிஸ்க்கில் சந்தேகம் என்றதும் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் சோதனைக் கருவியை ஓட்டச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். முழுச் சோதனையாக (/r) ஓட்டினால் அது தட்டின் ஒவ்வோர் இடத்தையும் படித்துப் பார்க்கும். நல்ல டிஸ்க்கில் ஃபைல் அமைப்பு மட்டும் குழம்பியிருந்தால் அருமையான கருவி. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மாரத்தான் ஓட வைப்பது அறிவுடைமை அல்ல. முதலில் நகல், அப்புறம்தான் வைத்தியம்.

சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே எழுதிவைக்கும் எஸ்.எஸ்.டி. இப்படிச் சத்தம் போட்டெல்லாம் சொல்லாது. நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலை பயாஸில் பெயரே இல்லாமல் போய்விடும்.

அடுத்து டிரைவர். ஒவ்வொரு கருவிக்கும் விண்டோஸுக்கும் நடுவே பேசும் மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால், இவர்களில் பலர் கெர்னலோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் தடுமாறினால் மெஷினே விழும். இதை உலகமே பார்த்த நாள் 2024 ஜூலை 19. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரம் காலை 9.39-க்கு அனுப்பிய ஒரு சின்ன அப்டேட் ஃபைலில் பிழை. அதைப் படித்த டிரைவர், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தை எட்டிப் படிக்கப்போய் விண்டோஸைக் கவிழ்த்தது. மெஷின் மறுபடி எழும், அதே டிரைவர் அதே ஃபைலைப் படிக்கும், மறுபடி நீலத் திரை. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் எப்படிச் சரிசெய்தார்கள்? பெரும்பாலும் ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய், சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு ஃபைலை அழித்தார்கள். யாரும் ஃபார்மட்டை முதல் மருந்தாகக் கையில் எடுக்கவில்லை.

சேஃப் மோடு என்பது வேண்டாத டிரைவர்களை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு, அத்தியாவசியமானவர்களை மட்டும் உள்ளே விட்டு விண்டோஸை எழுப்பும் முறை. விண்டோஸ் 7 வரை எஃப்8 கீயைத் தட்டினால் போதும். விண்டோஸ் 8 முதல் அந்த வழி அடைபட்டது. இப்போது செய்யவேண்டியது, வட்டம் சுற்றும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பது. இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் ‘ஏதோ சரியில்லை’ என்று விண்டோஸே புரிந்துகொண்டு நீல நிறப் பழுதுபார்க்கும் திரையைக் கொண்டுவரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய், பட்டியல் வந்ததும் 4-ஐ அமுக்குங்கள். அவசரப்பட்டு அணைக்காதீர்கள் என்று மேலே சொன்னவனே இப்போது அணைக்கச் சொல்கிறான் என்று நினைக்கலாம். வேறு வழி அடைபட்ட பிறகு செய்வது இது. அப்டேட் சதவீதம் ஓடும்போது செய்யாதீர்கள்.

புதிய மெஷின் என்றால் இந்த இடத்தில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமித்திருக்கும், போனில் பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும் இன்றைக்கே அதை ஒரு தாளில் எழுதிவைத்தால் ரொம்ப நல்லது.

சேஃப் மோடில் எழுந்துவிட்டதா? அப்படியானால் பெரும்பாலும் ஹார்டுவேர் தப்பித்தது. கடைசியாக என்ன மாறியது என்று யோசியுங்கள். புது கிராபிக்ஸ் டிரைவர், புது ஆன்டிவைரஸ், நேற்று ராத்திரி ஏறிய அப்டேட். அதை நீக்குங்கள். சேஃப் மோடுகூட வரவில்லை என்றால், அதே நீலத் திரையில் கடைசி அப்டேட்டை நீக்கும் வசதியும், பழைய தேதிக்குத் திரும்பும் சிஸ்டம் ரீஸ்டோரும் இருக்கின்றன.

ஒரு சின்ன விஷயம். விண்டோஸ் 8-இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னல் முழுசாக அணையாது, தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். நேற்றுக் குழம்பியிருந்தால் இன்றும் அதே குழப்பத்தோடு எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாகப் புதிதாகத் தொடங்கும். ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் நிற்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் நன்றாக வருகிறது என்றால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் இந்த வசதியை அணைத்துப் பாருங்கள்.

பாஸ்வேர்டு போட்ட பிறகு நிற்பது இருப்பதிலேயே சாதுவான கேஸ். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், பெயர் தெரியாதவை, தேவையில்லாதவை எல்லாவற்றையும் முடக்குங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரு வாசலில் இரண்டு வாட்ச்மேன் நின்று ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் நிற்காது

எல்லாரையும் அலைக்கழிப்பது இந்த வகைதான். காலையில் முதல் தடவை நிற்கும், அணைத்து ஆன் செய்தால் நாள் முழுக்க ஓடும். இப்படிப்பட்ட மெஷினில் என் சந்தேகம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். மேல் போகும், அப்புறம் மதர்போர்டின் கெபாசிட்டர்கள் மேல். கெபாசிட்டர் என்பவை போர்டில் குட்டி டின்கள் போல நிற்பவை. தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, மேலே பழுப்பாக ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. தளர்ந்த கெபாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது மோசமாகவும், சூடேறிய பிறகு சுமாராகவும் வேலை செய்யும், அதனால்தான் இரண்டாவது தடவை மெஷின் எழுந்துவிடுகிறது. 2000-களின் தொடக்கத்தில் தரம் குறைந்த திரவம் நிரப்பிய கெபாசிட்டர்களால் உலகம் முழுக்க ஏராளமான மதர்போர்டுகள் இப்படித்தான் போயின.

எதிர்மாறாக, ஆன் செய்து சில நிமிடம் கழித்துத்தான் உறைகிறது என்றால் சூடு காரணமாக இருக்கலாம். பிராசசர் ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா, பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கின் நாலு மூலைப் பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்று நிற்கிறதா என்று பாருங்கள்.

மெஷின் ஒழுங்காக எழ எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் வயரில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் கொடுக்க வேண்டும். மல்டிமீட்டர் பழக்கமுள்ளவர்கள் வெளியே வரும் வயரில் அளந்து பார்க்கலாம். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே சுமார் 325 வோல்ட் தேக்கி வைத்த பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும். நண்பரிடமோ கடையிலோ நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் போங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை. ‘ஹேங் ஆகுது’ என்று மட்டும் சொல்லாமல், ‘லோகோ வருது, வட்டம் வரல, யு.எஸ்.பி. எல்லாம் பிடுங்கிப் பார்த்தாச்சு, ராம் ஒண்ணு ஒண்ணா போட்டுப் பார்த்தாச்சு’ என்று சொல்லுங்கள். நிற்கும் திரையை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பார்ட் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். ஃபார்மட் போட்டே ஆக வேண்டும் என்று சொன்னால், ‘சி டிரைவ் மட்டும்தான் அழியும், டி டிரைவ் அப்படியே இருக்கும்’ என்ற சமாதானத்தையும் கேட்பீர்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் அது உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் படங்களும், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களில் இருப்பவையும், நீங்களாக இடம் மாற்றியிருந்தால் தவிர, இருப்பது சி டிரைவில்தான். சரி என்று சொல்லும் முன் அதை நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள், எடுத்த நகலை அங்கேயே திறந்து பாருங்கள்.